கழுவாத போத்தல்

என் குசினி அலுமாரியின் மேல்தட்டில், மாவு டின்னுக்கு முன்னால், கபில நிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்று நிற்கிறது. உள்ளே கழுத்துவரை தண்ணீர். மேலே ஒட்டிய வெள்ளைப் பட்டியில் மாமாவின் கோணல் எழுத்தில் ‘வீட்டுக் கிணறு’ என்று இருக்கும். நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது புதிதாக வந்த பிள்ளைகள் இதை வீசப் பார்த்தார்கள். “மிஸ், இது காலம் முடிஞ்ச மாதிரி, ஊத்தவா?” என்று கேட்டார்கள். எங்கே ஊற்றுவது? தொட்டியில் ஊற்றினால் குழாய் வழியே போய்க் கடைசியில் அதே மணலுக்குள்தான் இறங்கும். “வைங்க, நான் பாத்துக்கிறன்” என்று வாங்கி, பழைய துவாயில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கல்முனைக்கு வந்தேன். கைக்குழந்தையைப் போல வைத்திருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் மூடி இறுகியிருக்கிறதோ இல்லையோ, அபாயா மணக்குமோ என்ற கவலையோடுதான் வந்தேன்.

மாமா என் உம்மாவுக்கு ஒரே தம்பி. சாய்ந்தமருதில் ஒரு எஞ்சின் படகு வைத்திருந்தார். ஊரார் முதலாளி என்பார்கள். அந்த முதலாளி விடியுமுன் தானே கடலுக்குப் போய், தானே வலை இழுத்து, தானே மீன் பிரித்து, வெயில் ஏறிய பிறகு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். படகின் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். அவருடைய கையில், சேட்டில், தலைமயிரில், வியர்வையில்கூட மண்ணெண்ணெய் மணக்கும். “இவன் வாறத்துக்கு முன்னால இவண்ட எண்ணெ வந்திரும்” என்று உம்மா சொல்வார். எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது. மெத்தைக் கதிரையில் உட்கார உம்மா விடமாட்டார். ஜும்ஆவுக்குப் போகும்போது அத்தர் பூசிக்கொள்வார். அத்தரும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாசம் வரும். வெள்ளிக்கிழமைக்கே அப்படி ஒரு வாசம் இருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அவர் தூக்கிக் கொஞ்ச வந்தால் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நழுவுவோம். நழுவாதவள் அவருடைய மகள், என் மச்சி, ஒருத்திதான். “வாப்பா” என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவாள்.

எங்கள் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். மாமா இருந்ததும் மாமியின் வீட்டில்தான். மாமிக்கு அது அவருடைய உம்மா கொடுத்தது. “நான் இஞ்ச குடியிருக்கிற ஆள்தான், வாடக மட்டும் இல்ல” என்று மாமா பகிடி விடுவார். மச்சி ஒரே பிள்ளை. ஆகவே அந்த வீடும், பின்வளவும், வளவில் இருந்த கிணறும் அவளுக்குத்தான் என்பது அவள் பிறந்த அன்றைக்கே முடிவான விஷயம். வேறு வீடு கட்ட வேறு நிலமும் இல்லை. சாய்ந்தமருதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு கூரையில் பெய்யும் மழை அடுத்த வீட்டு முற்றத்தில்தான் விழும்.

கிணறு அவ்வளவு ஆழமில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதன் தண்ணீர் இனிப்பாக இருந்தது. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் பால் ஏடு போலப் படிந்திருக்கும்; நாங்கள் குடித்தது அந்த ஏட்டைத்தான். சுனாமி வந்தது. அன்று போனவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, கிணற்றை மட்டும் சொல்கிறேன். கடல் அதை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. மாமா இறைத்தார். மோட்டர் கிடைத்த நாளில் மோட்டரால், கிடைக்காத நாளில் வாளியால். ஊரே இறைத்தது. பிறகு மழை பெய்தது, மறுபடி இறைத்தார்கள், மறுபடி மழை. ஒரு காலையில் மாமி அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தபோது கரிக்கவில்லை. “கடலையே இறைச்சு வெளிய போட்டம்” என்று மாமா சந்தி சந்தியாகச் சொல்லித் திரிந்தார். கிணறு கெட்டால் இறைத்தால் சரியாகிவிடும் என்று அன்றைக்கு அவர் கற்றுக்கொண்டார். சரியான பாடம்தான், உப்புக்கு.

பல வருஷம் கழித்து, நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கரையில் படகுகள் காய்ந்து கிடந்தன. மாமா எங்கெங்கோ அலைந்து, யார் யாரையோ பிடித்து, கிடைக்கிற மண்ணெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். சேர்த்ததை எங்கே வைப்பது? கேஸ் இல்லாமல் ஊர் முழுக்க விறகடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. வேலிக்கு வேலி நெருப்பு. களவுப் பயம் வேறு. கடற்கரையில் எண்ணெய்க் கானை மணலில் கழுத்துவரை புதைத்து வைப்பது மீன்பிடிக்காரர்களின் வழக்கம். வெயில் படாது, பொறி விழாது, யாரும் சட்டென்று தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. மாமா அதையே வீட்டில் பெரிதாகச் செய்தார். பின்வளவின் மூலையில் குழி தோண்டி, பழைய இரும்புப் பீப்பாக்களை இறக்கி, மணல் மூடி, மேலே கோழிக்கூட்டை நகர்த்தி வைத்தார். அவர் மட்டும் செய்த வேலை இல்லை இது. ஆனால் கரையில் ஒரு கான் ஓரிரு நாள்தான் மண்ணில் இருக்கும். வளவில் பீப்பாக்கள் மாதக்கணக்கில் இருந்தன. உப்புக் காற்றில் ஏற்கெனவே இத்துப்போன இரும்பு. அதன் அடிப்பக்கம் எப்போதும் ஈர மணலில்.

ஒரு பீப்பாவில் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டதும் களவுதான் என்று மாமா நினைத்தார். பல வருஷமாகத் தன்னோடு கடலுக்கு வந்த ஆளிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். அந்த மனிதர் படகில் கிடந்த தன் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாள் கழித்து மாமி ஒரு காலையில் தேத்தண்ணீரை வாயில் வைத்துவிட்டு, “என்னகா இது, எண்ணெக் கையோட கோப்பையத் தொட்டியா?” என்று மச்சியைக் கேட்டார். மச்சி தன் கையை முகர்ந்தாள். பிறகு கோப்பையை, கேத்தலை, வாளியை. கடைசியில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீரின் மேல் வெயில் பட்ட இடத்தில் நிறம் நிறமாக ஒரு படலம் மெதுவாகச் சுழன்றது. மாமா கோழிக்கூட்டை நகர்த்தித் தோண்டியபோது பீப்பாவின் அடி கையோடு உதிர்ந்து வந்தது. அன்று பின்னேரமே அந்த மனிதரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் “பரவாயில்ல” என்று சொல்லித் தேத்தண்ணீரும் கொடுத்தாராம். படகுக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

மறுநாள் மாமா ஆய்வுகூடத்தின் வாசலில் வந்து நின்றார். நான் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர். தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு என்று பார்க்கும் கருவி எங்களிடம் இருப்பது அவருக்குத் தெரியும். ‘தண்ணிக்கி எக்ஸ்ரே பிடிக்கிற மெசின்’ என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார். கையில் ஒரு சோடாப் போத்தல். பிளாஸ்டிக். “நல்லா மூணு தரம் அலசித்தான் அள்ளினன் மகள்” என்றார். தொழுகைக்கு முன் கைகால் முகத்தை மும்மூன்று தரம் கழுவி வுழூ எடுக்கிற ஆளுக்கு எதையும் மூன்று தரம் அலசாமல் இருக்க வராது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாதுதான். அலசினால் ஒவ்வொரு அலசலிலும் கொஞ்சம் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டே போகும், பிறகு கணக்கு உண்மையைவிடக் கூடிப்போகும், பிளாஸ்டிக் என்றால் அது எண்ணெயைத் தானே குடித்துவிடும் என்று சொன்னேன். நாங்கள் சுத்தம் செய்து உலர்த்திய கண்ணாடிப் போத்தலைக் கொடுத்து, அலசாமல், வழியவிடாமல், ஒரே முறையில் பிடித்து வாருங்கள் என்று அனுப்பினேன். “கழுவாத போத்தல்லயா?” என்று கேட்டார். பள்ளிவாசலுக்குச் செருப்போடு போகச் சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

வேலை இப்படித்தான் நடக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறது. சிவப்புக்கும் அப்பால் இருப்பது. பள்ளிக்கூடத்தில் செந்நிறக் கீழ்க் கதிர் என்று படித்தோம், அகச்சிவப்பு என்றும் சொல்வார்கள். எண்ணெயில் காபனும் ஐதரசனும் பிடித்திருக்கும் பிடி, அந்த வெளிச்சத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கை மட்டும் விழுங்கும். எவ்வளவு விழுங்கியதோ அவ்வளவு எண்ணெய். ஆனால் தண்ணீரும் அந்த வெளிச்சத்தை விழுங்குகிற சாமான். ஆகவே முதலில் எண்ணெயைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஐதரசன் இல்லாத ஒரு கரைப்பான் தேவை. அதை ஊற்றிக் குலுக்கினால் எண்ணெய் தண்ணீரை விட்டுவிட்டு அதோடு போய் அடியில் தங்கும். அந்தக் கரைப்பான் தலையிடி கொடுக்கிற நஞ்சு. ஒரு நஞ்சை அளக்க இன்னொரு நஞ்சு. அதை வடித்து, ஒரு வெள்ளைப் பொடியினூடாக விடுவோம். தேங்காயெண்ணெய், மீன்நெய் எல்லாம் பொடியில் நின்றுவிடும், மண்ணிலிருந்து வந்த எண்ணெய் மட்டும் இறங்கி வரும். மாமி தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வாளியைத் தொட்டிருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொன்னபோது மாமாவுக்கு அது பிடித்துப்போனது.

முதல் மாதிரியை அவர் கண்ணுக்கு முன்னாலேயே போட்டேன். திரையில் கோடு நேராக வந்தது. ஓரிடத்தில் வந்ததும், கிணறு தோண்டியது போலச் செங்குத்தாகக் கீழே இறங்கி, மறுபக்கம் ஏறி, மறுபடி நேராகப் போனது. அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் எண்ணெய் என்று விளங்கப்படுத்தினேன். மாமா திரைக்குக் கிட்டக் குனிந்தார். “குடிக்க ஏலாதா மகள்?” என்றார். ஏலாது என்றேன். குடிப்பதற்குக் கிட்டக்கூட வராத அளவு என்பதை மறைக்காமல் சொன்னேன். அப்போதுதான் அவர் அழுதார். “மாமிட உம்மா குடுத்த வளவு. மகளுக்குக் குடுக்க வெச்சிருந்த வளவு. பொம்புளைகள்ட சொத்த நான் கெடுத்துப்போட்டன்” என்றார். அவருடைய வாழ்க்கையில் சொந்தமாகக் கெடுத்துக்கொள்ள அவருக்கென்று ஒரு வளவுகூட இருக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இறைக்காதீர்கள் என்று அன்றே சொன்னேன். இது உப்பு இல்லை மாமா, மணலுக்குள் படிந்த எண்ணெய், நீங்கள் இறைக்க இறைக்கச் சுற்றியுள்ளது எல்லாம் கிணற்றைத் தேடி வரும் என்றேன். “ஓம் மகள், ஓம்” என்றார். வீட்டுக்குப் போய் மோட்டரைப் பூட்டினார். நான் அடுத்த கிழமை போனபோது பின்வளவு மணல் கறுத்து நனைந்திருந்தது. இறைத்த தண்ணீரை அவர் அங்கேதான் விட்டிருந்தார், வேறு எங்கே விடுவது? அது மறுபடி கீழே இறங்கி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. நோன்பு காலத்தில் அந்த வேலிக்கு மேலால் தட்டுகள் போவதும் வருவதும் என் சின்ன வயதிலிருந்து நான் பார்த்தது. வடை போகும், கடற்பாசி இனிப்பு வரும். அந்த வருஷம் மாமி அனுப்பிய தட்டு கழுவித் துடைத்து வெறுமையாக வந்தது. எங்கள் பக்கத்தில் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது வாய் திறந்து ஏசுவதைவிட மோசம். நான் மாமாவிடம் சத்தம் போட்டேன். அவர் கோபிக்கவில்லை. “கடல் போன மகள், இது போகாதா?” என்று மட்டும் கேட்டார். பதினைந்து இருபது வருஷத்துக்கு முன் ஒரு தரம் வென்ற மனிதரிடம் என்ன சொல்லி விளங்கப்படுத்துவது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் போத்தல் வந்தது. அலசாமல், வழியவிடாமல், கழுத்துவரை. இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சை அவர் மீறவே இல்லை. நான் திரையில் அந்தக் கோட்டைக் காட்டுவேன். “குறைஞ்சிரிக்கா?” என்பார். ஒரு மாதம் கொஞ்சம் குறைந்தது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. அடுத்த மாதம் மாரி மழையில் கிணற்றின் மட்டம் ஏறியது, மணலில் ஒட்டியிருந்ததெல்லாம் கழன்று வந்தது, பள்ளம் முன்னைவிட ஆழமாக இறங்கியது. அன்றைக்கு அவர் கருவியின் மூடியில் கையை வைத்துக்கொண்டு, “இதுவும் தோளில நிண்டு நன்ம தீம எழுதுற மலக்குமார் மாதிரித்தான் மகள். எழுதும், தடுக்காது” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. பகிடியாகவும் சொல்லவில்லை. நான் படித்த படிப்பைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மாமா பள்ளிவாசல் மௌலவியிடம் போய் மார்க்கச் சட்டம் கேட்டு வந்தார். எண்ணெய் தண்ணீரோடு கலக்கிற சாமான் இல்லை, பக்கத்தில் நிற்கிற சாமான், அதனால் மணம் மாறினாலும் தண்ணீரின் சுத்தம் போகாது, வுழூவுக்கும் குளிப்புக்கும் கூடும் என்று மௌலவி கிதாபைப் பார்த்துச் சொல்லியிருந்தார். மௌலவி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. குடிக்கலாம் என்று அவர் சொல்லவும் இல்லை. ஆனால் மாமா அந்த ‘சுத்தம்’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “பாத்தியா, கலக்கல்லையாம். பக்கத்திலதான் நிக்கிதாம்” என்று என்னிடம் வந்து சொன்னார். ஒருநாள் அது தானாக விலகிப் போய்விடும் என்பது போலச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளையின் உம்மாவும் ராத்தாவும் வீடு பார்க்க வந்தார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்ணைப் பார்க்கிற அளவுக்கு வீட்டையும் பார்ப்பார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. மாமி வெளியிலிருந்து வாங்கிய தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பைப்பில் அன்று தண்ணீர் இல்லை. மாப்பிள்ளையின் உம்மா வுழூ எடுக்கப் பின்வளவுக்குப் போனார். மாமியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர் வாயைக் கொப்பளித்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தவர், “மாஷா அல்லாஹ், காத்தோட்டமான வீடு” என்றார். தொழுதார்கள், சாப்பிட்டார்கள், மச்சியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். பிறகு தரகர் வழியாக வேறு இடம் பார்ப்பதாகச் செய்தி வந்தது. மாமா கிணற்றடிச் சீமெந்தில் குந்தியிருந்தார். “தண்ணி சுத்தம்தானே, மௌலவியே சொன்னாரே” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சி உள்ளே பாத்திரம் கழுவினாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. அதன்பின் வந்த சம்பந்தங்கள் வாசல்வரைகூட வரவில்லை.

அந்தக் காலத்தில்தான் கரைப்பான் தீர்ந்தது. நாட்டில் டொலர் இல்லாததால் எண்ணெய் இல்லாமல் போனது, அதனால் மாமா பீப்பா புதைத்தார். அதே டொலர் இல்லாததால் அவர் கிணற்றை அளக்கிற மருந்தும் வராமல் போனது. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், வரும் என்றார்கள். கருவியின் மேல் துணி போட்டு மூடினேன். மாமாவிடம் சொன்னேன். அவர் நம்பிக்கையோடு இன்னொரு போத்தல் கொண்டு வந்தார். “வெச்சிரு மகள். மருந்து வந்தா மொதல்ல இதப் பாரு. இப்ப நிச்சயம் குறைஞ்சிரிக்கும், மணம் எனக்கே தெரியுதில்ல” என்றார். மண்ணெண்ணெயிலேயே வாழ்ந்த மூக்கு. அதற்கு எப்போதுதான் தெரிந்தது! கெட்டுப்போகாமல் இருக்க அமிலம் சில துளி விட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் வைத்தேன். பட்டியில் என்ன எழுதுவது என்று கேட்டவர், பேனையை வாங்கித் தானே எழுதினார்.

அதுதான் கடைசி. கடலிலிருந்து வந்த ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார். அன்றும் பைப்பில் தண்ணீர் இல்லை. தண்ணீர் பவுசர் வர நேரமாகும் என்றார்கள், மையித்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்திருப்பது? ஆண்கள் மறைப்புக் கட்டி, கிணற்றிலிருந்து அள்ளினார்கள். மௌலவி முன்பே சொன்ன சட்டம்தான். அந்தத் தண்ணீர் குளிப்பாட்டக் கூடும். நானும் மச்சியும் மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். வாளி இறங்குவதும் ஏறுவதும் கேட்டது. கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்தார்கள். கற்பூரமும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மறைப்புக்கு மேலால் வந்தது. சின்ன வயதில் வெள்ளிக்கிழமைகளில் வந்த அந்த மூன்றாவது வாசத்துக்கு அது கிட்டவாக இருந்தது. மச்சி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தாள். அழுகையின் மூச்சு என்று நினைத்தேன்.

இப்போது கரைப்பான் வந்துவிட்டது. கருவியின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டோம். மாமாவின் போத்தலுக்குக் காலம் கடந்துவிட்டது. ஒரு மாதிரியைச் சில கிழமைக்குள் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வரும் கணக்கை நம்ப முடியாது. ஆகவே அதைத் தொடாமல், கிணற்றிலிருந்து புதிதாக ஒன்று பிடித்து வந்து போட்டேன். கோடு நேராக வந்தது, பழைய இடத்தில் பழையபடி இறங்கியது. குறையவில்லை மாமா. உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலாவது குறையுமா என்று கேட்டால், பேரப்பிள்ளைகளுக்கே வழியில்லாமல் போய்விட்டது. மாமியும் மச்சியும் அந்த வீட்டில் இருக்கிறார்கள். கிணற்றுக்கு ஒரு தகர மூடி போட்டிருக்கிறார்கள். பைப் வராத நாளில் அதைத் திறந்து குளிக்கிறார்கள், உடுப்புத் துவைக்கிறார்கள். சில நாளில் அரிசியும் களைகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், மாமி சொல்வதில்லை.

போன மாதம் மச்சி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வழக்கமான பாட்டைத் தொடங்கினேன். கிணற்றை மண் போட்டு மூடு, ஆட்கள் பிடித்துத் தருகிறேன், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், பக்கத்து வீட்டாரும் மூடிவிட்டார்கள், நீ மட்டும் ஏன் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் அவள் எப்போதும் “பாப்பம் மச்சி” என்பாள், அவளுக்கு நானும் மச்சிதான். அன்றும் அதையே சொல்லிக்கொண்டு, ரொட்டி சுட மாவு எடுக்கக் குசினிக்குள் போனாள். வெகுநேரமாகச் சத்தத்தைக் காணவில்லை. போய்ப் பார்த்தேன். மாவு டின்னை மேசையில் இறக்கி வைத்திருந்தாள். அதன் பின்னால் நான் மறைத்து வைத்த போத்தல் அவள் கையில் இருந்தது. பட்டியில் இருந்த எழுத்தின் மேல் பெருவிரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“திறக்காத, அமிலம் விட்டது” என்று நான் சொல்லி முடிக்குமுன் மூடியைத் திருகிவிட்டாள். போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். குசினி முழுக்க அந்த மணம் பரவியது, எனக்குத் தொண்டை கரித்தது.

“கிணத்த ஏன் மூடுறல்ல எண்டு கேட்டியே மச்சி” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “காலையில மூடியத் திறந்தா வாப்பா வாறார்.”

பிறகு மூடியை இறுக்கிப் பூட்டினாள். மாவை எடுத்துக்கொண்டு டின்னைப் பழைய இடத்தில் வைத்தாள். போத்தலை அதற்கு முன்னால், எழுத்து இந்தப் பக்கம் பார்க்கும்படி வைத்தாள். நான் அதை அப்படியே விட்டிருக்கிறேன். கிணற்றை மூடச் சொல்லி அதன்பின் அவளிடம் நான் கேட்கவில்லை.